குடகனாற்றில் தண்ணீர் ஓடும் நாலு நாள்... வெயிலைப் படம் பிடிப்பது எப்படி?

கார்த்திகை அடைமழை ஓய்ந்து இரண்டு நாள் பளிச்சென்று வெயில் அடித்தால் போதும், திண்டுக்கல் பக்கத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ஒரே மாதிரிப் படங்கள் வரிசை கட்டும். தடுப்பணையில் வழியும் தண்ணீர், தரைப்பாலத்தைத் தொட்டு ஓடும் ஓடை, கரை தளும்பும் குளம். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான். நேரில் பார்த்தபோது தண்ணீர் மேல் ஆயிரம் கண்ணாடித் துண்டை இறைத்ததுபோல் மினுங்கிய வெயில், போனில் வெறும் வெள்ளைத் திட்டாக உட்கார்ந்திருக்கும். 'நேர்ல பாத்திருக்கணும், இதுல ஒண்ணும் தெரியல' என்று கீழே ஒரு வரி எழுதவேண்டி வரும்.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இன்று சரியாக வராவிட்டால் நாளை எடுத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் சமவெளியில் அந்த வசதி கிடையாது.

கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் வழியாக வடக்கு நோக்கி வரும் குடகனாறு, தாடிக்கொம்பு, வேடசந்தூர், அழகாபுரி அணை எல்லாம் தாண்டி கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் நீளமான ஆறு. நேரில் போனால் வருடத்தின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமும்தான். மலையில் பெய்கிற தண்ணீரில் நரசிங்கபுரம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்பதே விவசாயிகளிடையே நெடுநாள் வழக்கு. சிறுமலையிலிருந்து இறங்கும் சந்தானவர்த்தினியின் கதையும் அநேகமாக இதேதான். வடகிழக்குப் பருவமழை மனது வைத்தால்தான் இந்த ஆறுகள் ஆறாக இருக்கும். அதுவும் சில வாரங்கள். அந்தச் சில வாரங்களில், நல்ல வெயில் கிடைக்கும் அரைமணி நேரத்தைப் பிடிப்பது கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் முடியும்.

அரைமணி என்றால் அரைமணிதான்

போட்டோ எடுக்கச் சொல்லித் தரும் வீடியோக்கள் எல்லாம் 'கோல்டன் அவர்' என்று ஒரு மணி நேரத்தைச் சொல்லும். சூரியன் தாழ இருந்து, வெளிச்சம் பொன்னிறமாகச் சாய்ந்து விழும் நேரம். லண்டன் மாதிரி ஊர்களில் சூரியன் சாய்ந்து சாய்ந்துதான் மேலே ஏறும். டிசம்பரில் அங்கே அந்த வெளிச்சம் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி சொச்சம்தான் வடக்கே. இங்கே சூரியன் கிட்டத்தட்ட ஏணி வைத்ததுபோல் நேராக ஏறிவிடும். மார்கழி மாதம் ஆறரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் உதித்தால், ஏழு மணிக்கெல்லாம் பொன்னிறம் கழன்றுவிடும். ஏழரைக்குக் கிளம்பிப் போனால் கிடைப்பது வெறும் வெள்ளை வெயில்.

மாலையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்கு மேற்கே மலை நிற்கிறது. காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஆறு மணி என்று நினைத்துப் போகிறவர் மலையின் கறுப்பு விளிம்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பவேண்டியதுதான். ஐந்து மணிக்கே அங்கே இருக்கவேண்டும்.

ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. காலையில் மேற்குக் கரையில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சூரியன். மாலையில் கிழக்குக் கரைக்கு மாறிக்கொள்ளலாம். மினுமினுப்பு வேண்டுமானால் தண்ணீர் எப்போதும் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கவேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொன்ன பாடத்தை இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மறந்துவிடலாம்.

பக்கத்தில் நிற்பவருக்கு வேறு பாதை

தண்ணீர் மேல் சூரியனிலிருந்து உங்களை நோக்கி ஒரு ஒளிப் பட்டை நீண்டு வரும் அல்லவா? அது தண்ணீரில் ஓர் இடத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். நாலடி தள்ளி நடந்து பாருங்கள், பட்டையும் கூடவே நாலடி நடக்கும். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு குட்டிக் கண்ணாடி. உங்கள் கண்ணுக்குச் சரியான கோணத்தில் சாய்ந்திருக்கும் அலைகள் மட்டும் உங்களுக்கு மின்னும். பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ மின்னுவது வேறு அலைகள். இரண்டு பேர் ஒரே கரையில் தோளோடு தோள் நின்றாலும் பார்ப்பது இரண்டு வேறு ஒளிப்பாதைகள். குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் அவர்கள் கரையில் ஓடி ஓடிச் சோதித்துப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

இந்தக் குட்டிக் கண்ணாடிகள் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதில்தான் காலை, மாலை, நண்பகல் வித்தியாசம் இருக்கிறது. நேர் மேலிருந்து விழும் வெயிலில் தண்ணீர் திருப்பி அனுப்புவது 100ல் 2 பங்கு மட்டும். மீதி உள்ளே இறங்கிவிடும். சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்துக்குத் தாழ்ந்தால், சலனமில்லாத தண்ணீர் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறது. கண்ணைக் கூசவைக்கும் அந்தப் பளபளப்பு காலையிலும் மாலையிலும் தூக்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ராமன் பையில் இருந்த கண்ணாடி

நடுவில் ஒரு வேடிக்கையான நேரம் வரும். சூரியன் 37 டிகிரி உயரத்தில் இருக்கும்போது தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரே திசையில் அதிரும் வெளிச்சமாக மாறிவிடுகிறது. அறிவியல் புத்தகத்தில் இதற்கு 'முனைவாக்கம்' என்று பெயர். போலராய்டு கூலிங்கிளாஸ் இந்த வெளிச்சத்தைத்தான் தடுக்கிறது.

37 டிகிரியைக் கண்டுபிடிக்க எந்த ஆப்பும் வேண்டாம். மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நிறுத்துங்கள். நிழல் நான்கடி விழுந்தால் அதுதான் நேரம். கார்த்திகை, மார்கழியில் திண்டுக்கல்லில் இது காலை ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் நடுவிலும், மறுபடி பிற்பகல் மூன்று மணி வாக்கிலும் வரும். அப்போது போலராய்டு கூலிங்கிளாஸை போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் பளபளப்பு மொத்தமும் அணைந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் மீன்குஞ்சும் தெரியும். இன்னும் கால் சுற்று திருப்பினால் பளபளப்பு திரும்ப வந்துவிடும். ஒரே இடம், ஒரே நிமிடம், இரண்டு வேறு படங்கள். (கையில் இருப்பது நிஜமாகவே போலராய்டுதானா என்று சந்தேகமா? போன் திரைக்கு முன்னால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் திரை இருண்டால் அசல். பஸ் ஸ்டாண்டில் வாங்கியது அநேகமாகத் தேறாது.)

இதே வித்தையை நூறு வருடங்களுக்கு முன்பு கப்பலில் நின்று செய்தவர் சர் சி.வி.ராமன். 1921ல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார், திருச்சி திருவானைக்காவலில் பிறந்த அந்தப் பேராசிரியர். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நிழல் அதில் விழுவதால்தான் என்று பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். ராமன் கையில் நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவி வைத்திருந்தார். வேலை என்னவோ இன்றைய போலராய்டு கண்ணாடி செய்வதேதான். சரியான கோணத்தில் அதன் வழியே கடலைப் பார்த்தார். மேலே மின்னிய வானத்தின் பிம்பம் மறைந்தது. நீலம் மறையவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. அப்படியானால் நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது! பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதுதான் 1928ன் ராமன் விளைவுக்கும் 1930ன் நோபல் பரிசுக்கும் கொண்டுபோய் விட்டது.

அன்றைக்கே இருந்த 'ஃபில்டர்'

வானம் சரியாக வந்தால் தண்ணீர் இருட்டு, தண்ணீர் சரியாக வந்தால் வானம் வெள்ளை. இந்தத் தலைவலி செல்போனோடு வந்ததில்லை, கேமரா பிறந்ததிலிருந்தே உண்டு. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லு கிரே கடலைப் படம் எடுத்தபோது, சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகடிவ், தண்ணீருக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒன்றாக ஒட்டி அச்சிட்டார். இன்று போனில் ஹெச்.டி.ஆர். என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இது. சூரிய வெளிச்சம் கடலில் மின்னும் அவருடைய கப்பல் படம் ஒன்றை அன்றைக்குப் பார்த்தவர்கள் நிலா வெளிச்சத்தில் எடுத்தது என்றே நினைத்தார்கள். மினுக்கம் சரியாக வருவதற்காக வெளிச்சத்தைக் குறைத்து எடுத்ததில் மற்றதெல்லாம் இருண்டுபோயிருந்தது. அது இன்றைக்கும் பலிக்கும் வழி.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858ல் மதுரைக்கு வந்தார். வைகையையும் அதன் குறுக்கே கிடந்த தரைப்பாலத்தையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகித நெகடிவில் ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் அலைகள் அடித்து ஓய்ந்து, தண்ணீர் மழுமழுவென்று ஒரு பரப்பாகிவிடும். மினுமினுப்பு பதிய வழியே இல்லை. வானமும் வெறுமையாகத்தான் வரும். டிரைப் சளைக்கவில்லை. நெகடிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களைத் தானே வரைந்துகொண்டார்! 'ஃபில்டர் போட்டு ஏமாத்துறாங்க' என்று இன்றைய பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

போனில் என்ன செய்யவேண்டும்?

முதலில் லென்ஸைத் துடைக்கவேண்டும். சிரிக்காதீர்கள். விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த லென்ஸில் ஒவ்வொரு மினுக்கமும் ஈர்க்குச்சிபோல் நீண்டு இழுபடும். பாதிப் படங்கள் கெடுவது இதனால்தான். பருத்தித் துணி போதும், வேட்டி நுனியே ஆகும்.

அடுத்தது வெளிச்சம். போனின் மூளை சராசரி பார்த்து முடிவெடுக்கிறது. கரையில் நாணல் இருட்டாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்துவிடும். திரையில் மினுமினுக்கும் இடத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நாணலும் கரையும் கறுப்பாகப் போகட்டும், பரவாயில்லை. ஒளிப் பொட்டுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்வரை இழுக்கலாம். ஹெச்.டி.ஆரை அணைத்து ஒன்றும் வைத்து ஒன்றும் எடுத்துப் பாருங்கள். அலை நிற்காமல் நகர்வதால், பல படங்களை ஒட்டும்போது மினுக்கங்கள் குழம்பிப்போவது உண்டு.

'புரோ' மோட் இருக்கும் போனில் ஐ.எஸ்.ஓ.வை இருப்பதிலேயே குறைத்து, ஷட்டரை 1/1000 நொடிக்கு மேல் வைத்தால் ஒவ்வொரு மினுக்கமும் ஊசிமுனைப் பொட்டாக உறையும். இதற்கு நேர் எதிரான வழி இன்னும் அழகு. ஷட்டரை மெதுவாக்கினால் ஒவ்வொரு பொட்டும் நகர்ந்து நூல் வளையம்போல் கோடிழுக்கும். ஐபோனில் 'லைவ்' படம் எடுத்து, பிறகு அதை 'லாங் எக்ஸ்போஷர்' ஆக மாற்றிக்கொள்ளலாம். வெளிச்சம் அதிகமாக இருந்தால் அதே கூலிங்கிளாஸ் இங்கேயும் உதவும்.

உட்கார்ந்து எடுப்பதா, நின்று எடுப்பதா என்பதும் படத்தை மாற்றும். போனைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் மினுக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தங்கப் பட்டையாகும். பாலத்தின் மேலிருந்து எடுத்தால் சிதறிய பொட்டுகளாகும். வெறும் மினுக்கத்தை மட்டும் எடுத்தால் ஜிகினாத் தாள் மாதிரிதான் இருக்கும். குறுக்கே ஒரு கறுப்பு உருவம் வேண்டும். ஒற்றைக் கொக்கு, தண்ணீரில் கிடக்கும் எருமையின் முதுகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தரைப்பாலத்தைக் கடப்பவர், எதுவானாலும் சரி. கரையில் மாடு மேய்ப்பவர் 'என்ன தம்பி, தண்ணியப் போயா போட்டோ எடுக்கிற?' என்று கேட்பார். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். மேலே எங்கே பாறை இருக்கிறது, எங்கே தண்ணீர் குதிக்கிறது என்று அவரே வழி சொல்வார்.

கண் பத்திரம். பழைய மாதிரி கேமராக்களின் கண்துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. போனையும் சூரியன் பக்கம் நீண்ட நேரம் திருப்பி வைத்திருக்கவேண்டாம். மலையில் மழை பெய்தால் இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறும். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. பாசி படிந்த தடுப்பணைச் சுவரில் ஏறி செல்ஃபி எடுக்கிறவர்களுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, இறங்கிவிடுங்கள்.

உச்சிவெயிலும் வீணில்லை

பன்னிரண்டு மணி வெயிலில் படம் எடுக்கக் கூடாது என்பார்கள். ஓடைக்கு அது பொருந்தாது. 100க்கு 98 பங்கு வெயில் உள்ளே இறங்குகிற நேரம் அது. கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர், அடியில் மணல் என்று ஓர் இடத்தைப் பிடித்து நேர் கீழாகப் பாருங்கள். மீன்வலை விரித்ததுபோல் ஒளிக்கோடுகள் மணலில் நெளிந்துகொண்டிருக்கும். காலையில் கண்ணாடியாக இருந்த சிற்றலை இப்போது லென்ஸாக வேலை செய்கிறது. அலையின் முகடு வெயிலைக் குவிக்க, மணலில் கோடு விழுகிறது. ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்தால் ஒரு கோடு இரண்டாகப் பிரிவதும் மறுபடி சேர்வதும் தெரியும்.

காலை வெயிலில் பாலத்துக்கு அடியிலும் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். தண்ணீரில் பட்டுத் திரும்பிய ஒளி கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். வாகனத்தில் மேலே போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

மினுக்கம் சொல்லும் சேதி

தண்ணீரின் பளபளப்பைப் படமெடுத்து அதிலிருந்து கணக்குப் போட முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் சார்லஸ் காக்ஸ், வால்டர் மங்க். ஹவாய்த் தீவுப் பக்கம் விமானத்தில் பறந்து கடலின் மேல் சிதறும் சூரிய ஒளியைப் படம் எடுத்தார்கள். அந்த ஒளிப் பரப்பு எவ்வளவு அகலம் என்பதிலிருந்து அலைகளின் சாய்வையும், காற்றின் வேகத்துக்கும் அதற்கும் உள்ள உறவையும் கணக்கிட்டு 1954ல் வெளியிட்டார்கள். கடலில் வேண்டுமென்றே எண்ணெய் ஊற்றியும் பார்த்தார்கள். எண்ணெய் பரவிய இடத்தில் சின்ன அலைகள் அடங்கி, ஒளிப் பரப்பு சுருங்கியது. செயற்கைக்கோள் படங்களில் கடல் மேல் எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் இந்த வித்தியாசம் கைகொடுக்கிறது.

திண்டுக்கல்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. தோல் பதனிடும் தொழிலின் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகளும் நிலத்தடி நீரும் கெட்டது இங்கே பல பத்தாண்டுக் கதை. நகரத்தின் சாக்கடையும் தாழ்ந்த இடம் தேடித்தான் போகும். அதனால் படம் எடுக்கும்போது பளபளப்பின் நிறத்தையும் கவனிக்கலாம். வெயில் மினுக்கம் வெள்ளையாக அல்லது பொன்னாக இருக்கும். தேங்கிய ஓரத்தில் வானவில் நிறத்தில் ஏடு மிதந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். ஏடு அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உடைந்து விலகினால், அது இரும்புச்சத்தை உண்ணும் பாக்டீரியா செய்த வேலை, இயற்கையானதுதான். கலைத்ததும் சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் எண்ணெய். சலசலத்து விழும் இடத்துக்குக் கீழே நுரை கலையாமல் தங்கினாலும், சென்ற வருடம் மின்னிய இடத்தை ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும் அதையும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. அழகாக இருக்காது. ஆனால் போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் பதிகிறது, அனுமதித்திருந்தால் இடமும் பதிகிறது. ஒரே தரைப்பாலத்தின் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நின்று வருடா வருடம் எடுத்த படங்கள் ஒரு வீட்டில் இருந்தால், எந்த வருடம் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது, எதுவரை ஏறியது, எப்போது நின்றது என்பது அந்த வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிட்டால் அந்த விவரம் போய்விடும். அனுப்பும்போது படம் சுருங்குவதோடு அந்தப் பதிவும் கழன்றுவிடுகிறது. அசலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்? கார் வைத்திருப்பவர்கள் ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்கே போவார்கள். விரிந்த தண்ணீர், பின்னால் மலை, படம் எப்படியும் தேறிவிடும். ஓடும் தண்ணீரின் மினுக்கம் வேண்டுமென்றால் தாடிக்கொம்புப் பக்கம் போவதே மேல். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர், கோயில் நிற்பதே குடகனாற்றங்கரையில் என்று கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். பஸ்ஸில் போகிறவருக்கு இதுவே சுலபம். தண்ணீர் பெருகி ஓடும்போது அழகாபுரி அணைப் பக்கமும் கூட்டம் சேரும்.

தை பாதியில் ஓட்டம் நிற்கத் தொடங்கும். முதலில் மேடான மணல் தலைகாட்டும், பிறகு ஆறு தனித்தனிக் குட்டைகளாகப் பிரியும். காற்று விழுந்த சாயங்காலத்தில் இந்தக் குட்டைகளில் சிற்றலைகூட இருக்காது. மினுமினுப்பு போய், ஏதாவது ஒரு குட்டையில் ஒரு முழுச் சூரியன் அப்படியே உட்கார்ந்திருக்கும். பாலத்தின் மேலிருந்து அகலமாக எடுத்து, கொஞ்சம் நகர்ந்து மறுபடி எடுத்தால், சூரியன் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குத் தாவியிருப்பது தெரியும். ஐந்தரை மணிக்குள் போய்விடவேண்டும்.